வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே

(விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், வரலாறு என்று ஏதாவது ஒன்றைப் பேசுவது வழக்கம். பழமலைநாதர் கோயில் கொண்ட ஊரில், மணிமுத்தாற்றின் கரையில், அவற்றைப் பேச விஷயம் குறைவில்லை. ஆனாலும் இந்த ஆண்டு தெருவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் மனமுவந்து இசைந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டு வாசலுக்கு எதிரே வந்து நிற்கிற சாப்பாட்டு வண்டியைப் பற்றியும், அந்த வாசலுக்கு உள்ளே குடியிருப்பவர்களைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

விருத்தாசலம் வெளியூர்க்காரர்கள் வந்து போகிற ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற ரயில் பாதையில் கடலூர்ப் பாதையும் சேலம் பாதையும் வந்து சேர்கிற சந்திப்பு. சார் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, கொளஞ்சியப்பர் கல்லூரி எல்லாம் இங்கே இருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கிற வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் தொழிற்பேட்டையும் இருக்கிறது. சூளையில் தீ வைத்துவிட்டால் சூடு ஏறி இறங்குகிற வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாப்பிட வீட்டுக்குப் போய்வர முடியாது. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகப் படுத்திருப்பவருக்கும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும் அதே நிலைமைதான். இவர்கள் பசிக்கு ஐம்பது அறுபது ரூபாய்க்குள் சூடாகச் சோறு போடுவது தள்ளுவண்டிதான். கையேந்தி பவன் இல்லாத தமிழ்நாட்டு ஊரை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. வண்டிகளை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

இப்போது வாசலுக்கு உள்ளே வருவோம். பஸ் நிறுத்தத்துக்கோ மருத்துவமனைக்கோ பக்கத்தில், இருபது அடித் தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊராகவும் இருக்கலாம். ஆறு மணிக்கு வண்டி வருகிறது. வண்டிக்கு ஒரு முழம் தள்ளி காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை ஜன்னல். கேஸ் சிலிண்டர் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பல வண்டிகளில் அது வீட்டு உபயோகத்துக்கான சிலிண்டர். ரப்பர் குழாய் வெடித்திருக்கும். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் உள்ளே இருக்கிற ஆஸ்துமாக்காரர் இருமத் தொடங்குகிறார். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் நெடி. எட்டு மணிக்குக் கூட்டம் சேர்கிறது. பைக்குகள் கேட்டை மறித்து நிற்கின்றன. டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளை தன் வீட்டுக்குள் நுழைய நாலு பேரிடம் வழி கேட்க வேண்டியிருக்கிறது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. அதற்குப் பிறகுதான் வண்டிக்கு முக்கியமான வியாபாரம். கல்லில் கொத்துப் பரோட்டா தட்டுகிற இரும்புச் சத்தம் பதினோரு மணியைத் தாண்டியும் கேட்கிறது. சுவரோரம் சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கிற வசவைக் குழந்தைகள் காதில் விழ விட முடியாது.

எல்லாவற்றையும்விட நான் கவனிக்கச் சொல்வது வண்டிக்குக் கீழே இருக்கிற வாளியை. அநேகமாக இரண்டு வாளிகள். ஒன்றில் தட்டை முக்குவார்கள், மற்றதில் அலசுவார்கள். தண்ணீர் வீட்டிலிருந்தோ தெருக்குழாயிலிருந்தோ சுமந்து கொண்டுவந்தது, ஆகவே சிக்கனம். ஏழு மணிக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் ஒன்பது மணிக்குக் கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம் கட்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் பலர் தட்டின் மேல் பாலித்தீன் தாளை விரித்துப் பரிமாறுகிறார்கள். உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளும், தட்டின் மேல் விரிக்கும் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டவை. தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தத் தடை எப்படி நிற்கும்? கடை கட்டும்போது வாளித் தண்ணீர், மிச்சக் குழம்பு, எலும்பு, பொரித்த எண்ணெயின் அடிக்கசடு எல்லாம் வீட்டு முன்னால் ஓடும் கால்வாயில் போகின்றன. சூடான எண்ணெய் குளிர்ந்ததும் சிமெண்டில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதில் சோறும் தாளும் சிக்குகின்றன. ஒரு மாதத்தில் கால்வாய் அடைபடும். பிறகு பெருச்சாளி வரும், நாய் வரும், கொசு வரும். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் வாசற்படி ஏறும். காலையில் கோலம் போட வருகிற பெண் முதலில் எலும்பைப் பொறுக்கிவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். இவர் யாரிடம் போய் முறையிடுவார்?

நகராட்சிக்குப் போனால் போலீஸில் சொல்லச் சொல்கிறார்கள். போலீஸுக்குப் போனால் நகராட்சி விஷயம் என்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் உணவைத்தான் பார்ப்பார். கால்வாய் அவர் வேலை இல்லை. கடைசியில் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தால் ஒரு நாள் லாரி வந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும். மூன்று நாளில் வண்டி திரும்ப வந்துவிடும். இந்த மூன்று நாளில் வண்டிக்காரர் வட்டிக்கு வாங்கியிருப்பார். வண்டியை மீட்க அபராதமும் அதற்கு மேலும் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கடை நடத்துவார். ஆக, விரட்டியதால் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது இன்னும் ஒரு மணி நேரத் தொல்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பதிவு இல்லாத வண்டியை விரட்ட முடியும், ஒழுங்குபடுத்த முடியாது. பெயர் இல்லை, எண் இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை என்றால் எந்த விதியை அவர் மீறினார் என்று காட்டுவது? ஆகவே வண்டிக்காரருக்கு நகராட்சி கொடுக்கிற விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவருக்கு எவ்வளவு பாதுகாப்போ, எதிர்வீட்டுக்காரருக்கும் அவ்வளவு பாதுகாப்பு. அட்டை கொடுத்தால் ஊன்றிவிடுவார்கள் என்று பயந்து அதை எதிர்க்கிற குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் கையில் கிடைக்க வேண்டிய ஒரே பிடியைத் தாங்களே நழுவவிடுகின்றன.

இதற்கான சட்டம் நம்மிடம் இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2014. அதற்கு முன்பே 1989இல் சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை சொல்லியிருந்தது. தெருவில் வியாபாரம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமைக்குள் அடங்கும். ஆனால் இந்த இடத்தில்தான் நிற்பேன் என்று குறிப்பிட்ட இடத்தைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. 2014 சட்டம் அந்த வரையறைக்கு நடைமுறை வகுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை இடம் கொடுக்க வேண்டும். விருத்தாசலத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுபத்து மூவாயிரம் பேருக்கு மேல்; அப்படியானால் 1,800க்கும் மேற்பட்ட வியாபாரிகள் வரை இடமுண்டு. தடையற்ற பகுதி, கட்டுப்பாடுள்ள பகுதி, விற்பனை கூடாத பகுதி என்று ஊரைப் பிரிக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு அப்புறப்படுத்துவதானாலும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும்.

வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் அவர்களுக்கானது இருக்கிறது. விற்கும் இடத்தையும் அக்கம்பக்கத்தையும் சுத்தமாக வைத்திருப்பது வியாபாரியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. நேரம் பிரித்துக் கொடுத்த இடமானால் நேரம் முடிந்ததும் சரக்கை முழுக்க எடுத்துவிட வேண்டும். நிபந்தனையை மீறினால் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதற்கெல்லாம் நடுவில் இருப்பது நகர விற்பனைக் குழு. நகராட்சி ஆணையர் அதன் தலைவர். உறுப்பினர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மற்றவர்களை அரசு நியமிக்கிறது: நகராட்சி மருத்துவ அலுவலர், போக்குவரத்துக் காவல், வங்கி, வணிகர் சங்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் குடியிருப்போர் நலச் சங்கமும் இருக்கிறது. இந்தச் சட்டத்தை வியாபாரிகள் சங்கங்கள் வரிவரியாகப் படித்து வைத்திருக்கின்றன. தங்களுக்கும் அதில் நாற்காலி உண்டு என்று அறிந்த குடியிருப்போர் மிகச் சிலர்.

அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. சுகாதாரக் கேடு என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஓரிடத்தை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. அந்தக் கேடு முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வந்தது, நகராட்சி உரிய நடவடிக்கை எடுத்தும் தீர்க்க முடியாதது என்று ஆனால்தான் முடியும். முதல் வாசிப்பில் இது வீட்டுக்காரருக்கு எதிரான விதி போலத் தோன்றும். நிதானமாகப் படித்தால் பொறுப்பு எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். குப்பைத் தொட்டி வைத்தாயா, தண்ணீர்க் குழாய் கொடுத்தாயா, கால்வாயைத் தூர் வாரினாயா, கழிப்பறை கட்டினாயா என்று நகராட்சியை முதலில் கேட்கச் சொல்கிறது.

இதையே 1980இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் ஊரில் ஒரு வார்டு மக்கள் திறந்த சாக்கடையும், கழிப்பறை இல்லாத ஏழைகள் தெருவையே நாட வேண்டியிருந்த அவலமும், கொசுவும் தாங்காமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ் உட்கோட்ட நடுவரிடம் போனார்கள். திட்டம் போட்டுச் சரிசெய் என்று அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். காசில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. அவர் குடிசைவாசிகள் மேல் பழி போடவும் இல்லை. அவர்களுக்குக் கழிப்பறை கட்டிக் கொடு, சாக்கடையைச் சரிசெய் என்று நகராட்சியைப் பார்த்துச் சொன்னார். தெருவில் அழுக்குச் சேர்ந்ததும் நாம் ஏழையின் முகத்தைப் பார்க்கிறோம். அந்த நீதிபதி நகராட்சியின் முகத்தைப் பார்த்தார். அந்த 133ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்கீழ் உத்தரவிடும் அதிகாரம் உள்ள சார் ஆட்சியர் இந்த ஊரில் நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நகராட்சி வழியாக எதுவும் நடக்காவிட்டால் அந்தக் கதவைத் தட்டலாம்.

தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்திக் காட்டிய, தமிழர்கள் நன்கு அறிந்த ஊர் சிங்கப்பூர். தேக்கா சந்தையில் மட்டன் சூப் குடித்துவிட்டு வந்தவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். அந்த ஊர்த் தெருக்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. டைஃபாய்டும் காலராவும் வந்துபோயின; கழிவெல்லாம் சிங்கப்பூர் ஆற்றில் போய் விழுந்தது. 1950இலேயே ஆங்கிலேய அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அறிக்கையால் தெரு சுத்தமாகவில்லை. 1968, 69இல் தெரு வியாபாரிகளை வீதி வீதியாகக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தார்கள். 1971 முதல் தண்ணீர், கழிவுக் குழாய், மின்சாரம், குப்பை வசதியோடு உணவங்காடிகளைக் கட்டத் தொடங்கினார்கள். இடம் மாறியவர்களுக்கு வாடகையில் சலுகை கொடுத்தார்கள். கடைசித் தெருவோர வியாபாரியும் கூரைக்குக் கீழே வந்தது 1986இல். எதிர்ப்பும் இருந்தது, கெடுபிடியும் இருந்தது. அதையெல்லாம் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை. முதலில் பெயர் எழுதினார்கள், பிறகு உரிமம், பிறகு குழாய், கடைசியில்தான் இடமாற்றம். நம் ஊர்களில் எல்லாம் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம். 2020 டிசம்பரில் அந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பழைய புகார் நகரம் இருக்கிறது. மருவூர்ப்பாக்கத் தெருக்களில் பிட்டு விற்றவர்களும் அப்பம் சுட்டவர்களும் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அதே காப்பியம் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட மரங்கள் அடர்ந்த வெளியில் வைக்கிறது. சந்தைக்கென்று ஊர் தன் நடுவே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

நம் ஊருக்கு வருவோம். மாசி மகத் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றி வெளியூர்க் கடைகள் நிரம்பும். அந்த நாட்களைத் தெருவாசிகள் மனமுவந்து பொறுத்துக்கொள்கிறார்கள், பொறுக்கவும் வேண்டும். அதை வருஷம் முழுக்கப் பொறு என்று சொல்லக் கூடாது. நான் கேட்பதெல்லாம் செய்யக்கூடியவைதான். குடியிருப்புத் தெருவுக்குள் நிற்கும் வண்டிகளைத் தெருமுனைக்கு, அகலமான சாலைக்கு, மாலையில் பூட்டிக்கிடக்கும் அலுவலகங்களின் முன்பக்கத்துக்கு மாற்றலாம். நாற்பது ஐம்பது தப்படி தள்ளிப் போவதால் வியாபாரம் குறையாது; ஜன்னலுக்குக் கீழே நிற்கிற தொல்லை தீரும். இரவு பத்து மணி என்பதைச் சான்றிதழிலேயே எழுதிவிடலாம். ஒலி மாசு விதிகளில் இரவு தொடங்குவது பத்து மணிக்குத்தான்; குடியிருப்புப் பகுதியில் அதற்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை வாசலிலும் ரயில் நிலையத்திலும் இரவு முழுக்கச் சாப்பாடு வேண்டும். அங்கே வீடுகளை விட்டு விலகிய இடத்தை இரவுக் கடைக்கென்றே ஒதுக்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கேடான கூறு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் ஏற்பாட்டையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. அந்த எண்ணெயைச் சேகரிக்கிற வண்டி சின்ன ஊரின் தள்ளுவண்டி வரை வந்தால்தான் அது கால்வாய்க்குப் போகாமல் இருக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் ஒவ்வொரு தெரு வியாபாரியும் தன் கழிவுக்குத் தன் தொட்டி வைத்து, நகராட்சி சொல்கிற இடத்தில் சேர்க்க வேண்டும் என்றன. நகராட்சி இடத்தைச் சொல்லாதபோது அவர் எங்கே சேர்ப்பார்?

இனி வாளிக்கு வருகிறேன். இந்த ஊரின் அறிவு பயன்பட வேண்டியது அங்கேதான். பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு பொதுக் கழுவுமிடம் போதும். இரண்டு குழாய், ஒரு சிமெண்டுத் தொட்டி, கால்வாயில் சேரும் முன் எண்ணெயை மேலே மிதக்கவிட்டுப் பிடிக்கிற ஒரு சிறு தடுப்புத் தொட்டி. வாரம் ஒருமுறை அதிலிருக்கிற எண்ணெயை வழித்து எடுத்தால் கால்வாய் அடைபடாது. இது பெரிய பொறியியல் இல்லை. உணவகங்களில் காலங்காலமாக உள்ளதுதான். தட்டு? பீங்கான் மேல் சூளையில் ஏற்றிய கண்ணாடிப் பூச்சில் எண்ணெய் ஊறாது. வெந்நீரும் சோப்பும் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஊறுகாய் ஜாடியை நம் பாட்டிமார் நம்பியது அதனால்தான். ஜாடியும் பொம்மையும் செய்து வெளியூர் அனுப்புகிற ஊர் தன் தெருவில் பாலித்தீன் தாளில் சாப்பிடுகிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தள்ளுவண்டிக்கென்றே தடித்த, விளிம்பு உடையாத, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய, கைக்கு அடக்கமான ஒரு தட்டை இங்கே செராமிக் தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்கள் வடிவமைக்க வேண்டும். தொழிற்பேட்டையில் அதைச் சுட்டு, நகராட்சி வாங்கி, சான்றிதழோடு சேர்த்து வியாபாரிக்குக் கொடுக்கலாம். விலைதான் தடை என்றால், 2020இல் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் தெரு வியாபாரிக்காகவே உள்ளது. அதில் ஒரு பங்கு தட்டுக்குப் போகட்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த மண்டபத்துக்கு உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். இன்று கடையை அரை நாள் மூடிவிட்டு வந்ததற்கு நன்றி. காலையில் நாலு மணிக்கு எழுந்து மாவரைத்து, நள்ளிரவில் வண்டி கழுவுகிறீர்கள்; நடுவில் ஒருவர் வந்து இலவசமாகத் தின்றுவிட்டும் போவார். அந்த வாழ்க்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் படுத்திருப்பவரும் உங்களைப் போல உழைத்துவிட்டு வந்தவர்தான். அவர் தூங்க வேண்டும். உங்கள் அடுப்பு அவர் சுவரை விட்டு விலகட்டும். உங்கள் வாளித் தண்ணீர் அவர் வாசலில் கொட்ட வேண்டாம். ஆண்டுக்கு நூறு ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிக்கொள்ள 2011 விதிகள் வழி வைத்தன. வாங்கி, வண்டியில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். கையில் சான்றிதழ் இருந்தால் இலவசமாகத் தின்னும் ஆளைத் தைரியமாகப் பணம் கேட்கலாம்.

கடைசியாகக் குடியிருப்போரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டியை எடு என்று மனு எழுதாதீர்கள். நகர விற்பனைக் குழுவில் எங்கள் தெருக்களின் பிரதிநிதி யார், குழு கடைசியாக எப்போது கூடியது, எந்தத் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, கழுவுமிடம் எங்கே அமையும் என்று கேட்டு எழுதுங்கள். தெருவுக்குத் தெரு கையெழுத்து வாங்குங்கள். உங்கள் வாசலுக்கு எதிரே நிற்கிற வண்டிக்காரரிடமும் கேளுங்கள். கழுவுமிடம் அவருக்கும் வேண்டும், போடுவார். இரண்டு பேரும் கையெழுத்திட்ட அந்த மனுவை வரும் திங்கட்கிழமை சார் ஆட்சியரிடமும் நகராட்சி ஆணையரிடமும் நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.